கேஸ் போயிடுச்சா? எங்கே போச்சு?

அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டால் கடலூர்ப் பக்கம் இரண்டு வாக்கியங்கள் அடிக்கடி காதில் விழும். ஒன்று, "உஸ்ஸ்... என்னா வெயில்!" இன்னொன்று, "ஃப்ரிட்ஜுல கேஸ் போயிடுச்சு."

முதல் வாக்கியத்தில் பொய்யே கிடையாது. இரண்டாவதில்தான் சிக்கல்.

ஐஸ் ட்ரேயில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. மெக்கானிக் வருகிறார். ஃப்ரீசர் கதவைத் திறந்து மூடுகிறார். பின்னால் போய் கம்ப்ரசர் மேல் கை வைக்கிறார். மூன்று நிமிடத்தில் தீர்ப்பு. "கேஸ் போயிடுச்சு சார். ஃபில் பண்ணணும்." வீட்டுக்காரர் தலையாட்டுகிறார். எங்கே போச்சு, எப்படிப் போச்சு, ஏன் போச்சு... ஒரு கேள்வி கிடையாது. ஏதோ சமையல் சிலிண்டர் தீர்ந்துபோன மாதிரி, பர்ஸை எடுத்துவிடுகிறார்.

ஃப்ரிட்ஜில் இருக்கும் கேஸ் தீர்ந்துபோகிற பொருளே அல்ல. இந்த ஒரு விஷயம் தெரியாததால்தான் வருடா வருடம் கோடையில் இத்தனை வீடுகள் மொட்டையடிக்கப்படுகின்றன.

முதுநகரில் ஒரு பாக்கெட் ஐஸ்

கடலூர் முதுநகரில் ஒரு வீடு. புருஷன் இல்லாத அம்மா, வீட்டிலேயே பாக்கெட் ஐஸ் போட்டு தெருப் பிள்ளைகளுக்கு விற்கிறார். மேங்கோ, கிரேப், பால் ஐஸ் என்று மூன்று கலர். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ்தான் மூலதனம். பள்ளிக்கூட லீவு விடும் மே மாதம்தான் சீசன். அந்த மே மாதத்தில் பார்த்து ஐஸ் உறைய மறுத்தது. ராத்திரி வைத்த பாக்கெட் மறுநாள் மத்தியானம்கூட கொழகொழவென்றே இருந்தது.

மெக்கானிக் வந்தார். "அக்கா, கேஸ் போயிடுச்சு." பணம் கொடுத்தாயிற்று. பத்து நாள் ஜோராக உறைந்தது. பதினோராம் நாள் பழையபடி. மறுபடி அதே ஆள், மறுபடி அதே கேஸ், மறுபடி பணம். மறுபடி பத்து நாள். மூன்றாவது தடவை வந்தவர் உதட்டைப் பிதுக்கினார். "கம்ப்ரசரே வீக்குக்கா. எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டு புதுசு எடுத்துடுங்க. இ.எம்.ஐ. இருக்கு."

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்தான். சிதம்பரத்தில் மிக்ஸி, கிரைண்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிற பையன். பத்தாவதோடு படிப்பு முடிந்தது. "இரு சித்தி" என்று சொல்லிவிட்டு, சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, ஃப்ரிட்ஜ் கதவில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தான். மேல் பக்கம் தாள் இறுக்கமாக நின்றது. கீழ்ப்பக்கம், கீல் ஓரமாக, வெண்ணெயில் கத்தி போன மாதிரி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. டோர் ரப்பர் விறைத்துப்போய் அந்த இடத்தில் ஒட்டவே இல்லை!

கடற்கரை ஊரின் ஈரக்காற்று அந்த இடுக்கு வழியாக இருபத்து நாலு மணி நேரமும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அந்த ஈரம் முழுக்க ஃப்ரீசர் சுவரில் பனியாகப் படிந்தது. பனி ஒரு விரல்கடை கனம் ஆகிவிட்டால் அதுவே போர்வை. குளிர்ச்சி சுவரோடு நின்றுவிடும், பாக்கெட்டுக்கு வராது. இரண்டு தடவையும் கேஸ் போட்டபோது பத்து நாள் வேலை செய்தது எப்படி? ரொம்ப சிம்பிள். வேலைக்காக ஃப்ரிட்ஜை அரை நாள் அணைத்து வைத்தார்கள். பனி முழுக்க உருகிப்போனது. சுவர் சுத்தமானதால் ஐஸ் உறைந்தது. பலன் கொடுத்தது பனி கரைந்தது. பெயர் வாங்கியது கேஸ்.

புது டோர் ரப்பர் சில நூறு ரூபாயில் முடிந்தது. ஆனால் சீசன் முடிந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு நஷ்டம் கேஸ் காசு மட்டுமல்ல, ஒரு மே மாத வருமானம்.

கேஸ் எங்கேயும் போகாது

ஃப்ரிட்ஜின் உள்ளே நடப்பது ஒரு சுற்று. கம்ப்ரசர் வாயுவை அழுத்துகிறது, அது சூடாகிறது. பின்பக்கக் கம்பியிலோ பக்கவாட்டுச் சுவரிலோ அந்தச் சூட்டை வெளியே விட்டு திரவமாகிறது. தலைமுடி கனத் துளை உள்ள கேப்பிலரி குழாய் வழியாகப் பிழிந்து வெளியே வரும்போது அழுத்தம் குறைந்து, ஃப்ரீசர் சுவரில் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய சூட்டை ஐஸ் ட்ரேயிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. மறுபடி கம்ப்ரசர். அவ்வளவுதான் மேட்டர். குழாய் முழுக்க பற்றவைத்து மூடியது. உடம்பில் ரத்தம் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்குமே தவிர, பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது.

அப்படியும் கேஸ் குறைந்தது என்றால் அர்த்தம் ஒன்றுதான். எங்கேயோ ஓட்டை. ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் நிரப்புவது, பஞ்சரை ஒட்டாமல் டியூபுக்குக் காற்றடிப்பது. சைக்கிள் கடையில் யாராவது அப்படிச் செய்தால் சும்மா விடுவார்களா? ஃப்ரிட்ஜ் என்றால் மட்டும் ஏன் இந்த மரியாதை?

ஓட்டை இருப்பதற்கு அடையாளமும் உண்டு. கம்ப்ரசர் ஓய்வே இல்லாமல் ஓடும். ஃப்ரீசரில் ஒரு மூலையில் மட்டும் பனி பிடிக்கும், மற்ற இடம் வெறுமையாக இருக்கும். பின்கம்பி அல்லது பக்கச் சுவர் வெதுவெதுப்புக்கு மேல் சூடாகாது. இந்த மூன்றும் சேர்ந்து இல்லாமல் "கேஸ்" என்று ஒருவர் சொன்னால், அவர் பார்த்துச் சொல்லவில்லை, பழக்கத்தில் சொல்கிறார்.

சரியாகச் செய்கிற மெக்கானிக் என்ன செய்வார்? நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரையில் ஓட்டையைத் தேடுவார். பற்றவைப்பார். ஃபில்டர் டிரையரை மாற்றுவார். வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுப்பார். கடைசியாக, தராசில் நிறுத்து கேஸ் ஏற்றுவார். ஆமாம், தராசுதான். சின்ன ஃப்ரிட்ஜில் ஆர்134ஏ என்றால் 100 கிராமைச் சுற்றி இருக்கும். ஆர்600ஏ என்றால் அதில் பாதிகூட இருக்காது. எத்தனை கிராம் என்று பின்பக்கத் தகட்டிலேயே அச்சடித்திருக்கும். தராசே இல்லாமல் வந்து "ஃபுல்லா போட்டுட்டேன் சார்" என்பவர் போட்டது கேஸ் அல்ல, நாமம்.

இதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. நன்றாக இருக்கிற கேஸைக் காற்றில் திறந்துவிட்டுத்தான் புதுசு போடுவார்கள். ஆர்134ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால் நூறு வருடக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கும். டோர் ரப்பர் கிழிந்ததற்கு 100 கிராமைத் திறந்துவிட்டால், 140 கிலோ கார்பன் டை ஆக்சைடை ஊதிய கணக்கு.

ஐஸ் வராவிட்டால் பார்க்க வேண்டியவை

ஐஸ் வராத வீட்டில் போனை எடுப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் செலவழித்தால் தெரிந்துவிடக்கூடிய சங்கதிகள் இவை.

1. கம்ப்ரசர் ஓடுகிறதா? சில நிமிடத்துக்கு ஒரு தடவை "ம்ம்ம்" என்று முனகி "டிக்" என்று நின்றால், கேஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வோல்டேஜ் குறைவு, அல்லது ரிலே, ஓவர்லோடு கோளாறு. ரிலேயும் ஓவர்லோடும் உள்ளங்கையில் அடங்குகிற பாகங்கள், விலையும் சில நூறுதான். நெய்வேலி அனல்மின் நிலையம் இருக்கிற மாவட்டத்திலேயே சாயங்காலம் ஃபேன் மெதுவாகச் சுற்றும் தெருக்கள் உண்டு. அங்கெல்லாம் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டெபிலைசர்.

2. காலண்டர் தாள் சோதனை. கதவின் நாலு பக்கமும். தளர்வாக இருக்கும் இடத்தில் வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றி ரப்பரை இளக்கி இழுத்துவிட்டால் பல சமயம் அதுவே போதும். கிழிந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

3. பனிக் கனம். சிங்கிள் டோர் என்றால் டீஃப்ராஸ்ட் பட்டனை அழுத்தினால் போதும். முடியாவிட்டால் பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து வைத்து, காத்திருக்க வேண்டும். கத்தி, ஸ்க்ரூ டிரைவர், தோசைத் திருப்பி எதுவும் கூடவே கூடாது! ஃப்ரீசர் சுவர் மெல்லிய அலுமினியத் தகடு. கேஸ் ஓடும் பாதை அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு குத்து, "உஸ்" என்று ஒரு சத்தம், கதை முடிந்தது. கேஸ் நிஜமாகவே போகும் வீடுகளில் இந்தக் கத்திதான் பழக்கமான குற்றவாளி. ட்ரே ஒட்டிக்கொண்டால் அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் தானாக விடும்.

4. ஃப்ரிட்ஜுக்கு மூச்சுவிட இடம் இருக்கிறதா? மூலையில் சுவரோடு ஒட்டி, மேலே பூப்போட்ட உறை, அதன் மேல் பழைய துணி மூட்டை, பக்கத்தில் கேஸ் அடுப்பு. உள்ளே பிடுங்கிய சூட்டை அது எங்கே கொண்டுபோய்க் கொட்டும்?

5. டபுள் டோர், அதாவது பனி கட்டாத வகை என்றால், ஃப்ரீசரில் ஃபேன் சத்தம் கேட்கிறதா? மேலே ஓரளவு குளிர், கீழே காய்கறி வாடுகிறது, ஃப்ரீசரின் பின்சுவரில் பனி பிதுங்குகிறது என்றால், கோளாறு டீஃப்ராஸ்ட் ஹீட்டரிலோ அதன் சென்சாரிலோ. இதற்கும் கேஸ் போடுகிற புண்ணியவான்கள் உண்டு.

6. தெர்மோஸ்டாட் திருகு எந்த எண்ணில் நிற்கிறது? சிரிக்க வேண்டாம். துடைக்கும்போது யாராவது சுழற்றிவிட்டு, அதற்கே சர்வீஸ் சார்ஜ் கட்டிய வீடுகள் இருக்கின்றன.

ஆட்டோமேட்டிக் ஐஸ் மேக்கரும் மாடித் தொட்டியும்

இதெல்லாம் பழைய வியாதி. புது வியாதி ஒன்று மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், சிதம்பரம் அண்ணாமலை நகர் பக்கங்களில் கட்டும் புது வீடுகளுக்கு வந்திருக்கிறது. பீரோ சைஸில் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ். தண்ணீர்க் குழாயை இணைத்துவிட்டால் தானாகவே ஐஸ் கட்டி போடுமாம். வாங்கிய புதிதில் பந்தா. ஒரு மாதம் கழித்து அரைகுறைக் கட்டி. அப்புறம் ஒன்றுமே இல்லை. மெக்கானிக் வந்து போர்டை மாற்றச் சொல்கிறார், அல்லது ஐஸ் மேக்கரையே மாற்றச் சொல்கிறார்.

அந்தக் கருவி வேலை செய்யும் விதம் ஒன்றும் பிரம்ம ரகசியம் அல்ல. ஒரு மின் வால்வு சில விநாடி திறந்து அச்சில் தண்ணீரை விடும். அச்சு போதுமான அளவு உறைந்ததும் சென்சார் சொல்லும். பல மாடல்களில் ஒரு ஹீட்டர் அச்சை லேசாகச் சூடாக்கும், ஒரு கை கட்டிகளைத் தள்ளும். சிலவற்றில் அச்சே முறுக்கிக்கொண்டு கவிழும். கீழே பெட்டி நிறைந்ததா என்று தடவிப் பார்க்க ஒரு கம்பி. அந்தக் கம்பி மேலே தூக்கியபடி நின்றாலே ஐஸ் வராது.

ஆனால் பெரிய கோளாறு ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இல்லை. அந்த வால்வு ஒழுங்காக வேலை செய்ய, பல மாடல்களின் கையேட்டில் போட்டிருக்கும் குறைந்தபட்ச நீரழுத்தம் 20 பி.எஸ்.ஐ.யைச் சுற்றி. சில மாடல் அதற்கும் மேலே கேட்கும். குழாயைத் திறந்தால் நகராட்சித் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிற நாட்டுக்காகப் போட்ட கணக்கு அது. கடலூரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மொட்டை மாடிப் பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து. ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் சுமார் 1.42 பி.எஸ்.ஐ. ஒரு தளம் உள்ள வீட்டில் தொட்டி 4 மீட்டர் உயரம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 6 பி.எஸ்.ஐ.கூடத் தேறாது. 20 வேண்டுமென்றால் தொட்டி 14 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அதாவது நாலு மாடி!

வால்வு திறக்கிறது, தண்ணீர் சொட்டுகிறது, அச்சு நிறைவதற்குள் நேரம் முடிந்து மூடிவிடுகிறது. அரைகுறைக் கட்டி. போதாக்குறைக்கு உப்புத் தண்ணீர், வால்வின் சல்லடையில் வெள்ளையாகப் படிந்து இருக்கிற வழியையும் அடைக்கிறது. இதற்கு வேண்டியது ஒரு சின்ன பூஸ்டர் பம்பும், ஒரு ஃபில்டரும், பத்தாம் வகுப்பு பிசிக்ஸும். போர்டு அல்ல.

விற்கும்போது கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். "உங்க தொட்டி எத்தனையாவது மாடியில இருக்கு?" கேட்க மாட்டார். கேட்டால் விற்காதே!

படித்தவர்கள் எங்கே?

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-லிருந்து இருக்கிறது. பொறியியல் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்து முக்கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. எந்த ஊர் எஞ்சினியரிங் பாடத்திட்டத்தை எடுத்தாலும் வேப்பர் கம்ப்ரஷன் சைக்கிள் உண்டு. மாணவர்கள் பி-ஹெச் டயகிராமைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவார்கள். சி.ஓ.பி. கணக்கில் தசம ஸ்தானம்கூடத் தப்பாது. அதே மாணவர் லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது அம்மா "ஐஸ் வரலடா" என்றால்? "மெக்கானிக்கைக் கூப்பிடும்மா." பதினாறு மார்க் கேள்வியின் நாயகன் சமையலறை மூலையில் நின்று உறுமிக்கொண்டிருக்கிறான். அவனை இவருக்கு அடையாளமே தெரியவில்லை :-)

காலண்டர் தாள் வைத்துப் பார்த்தவன் மிக்ஸி கடைப் பையன். இதில் வெட்கப்பட வேண்டியது யார்?

முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் வரவில்லை என்றால் யாரும் தலையாட்டிவிட்டுப் போவதில்லை. மீன் அழுகும், படகு நிற்கும், அன்றைய கூலி போகும். எனவே ஏன் வரவில்லை என்று குடைந்து குடைந்து கேட்பார்கள். வீட்டு ஃப்ரிட்ஜில் போவது சில ஆயிரம்தானே என்ற அலட்சியம் கேள்வியைக் கொன்றுவிடுகிறது. பாக்கெட் ஐஸ் விற்கும் அம்மாவுக்கு அந்தச் சில ஆயிரம்தான் துறைமுகம்.

"ஆனால்..." என்று இழுப்பவர்களுக்கு

"கரண்ட் சமாச்சாரம், ஆபத்து இல்லையா?" ஆபத்துதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு டோர் ரப்பரைப் பார்ப்பதில் என்ன ஆபத்து? எல்லை தெளிவானது. மூடிய குழாய்க்குள் நடப்பது மெக்கானிக்கின் வேலை. குழாய்க்கு வெளியே கண்ணுக்கும் கைக்கும் எட்டுவதைக் கவனிப்பது வீட்டுக்காரர் வேலை.

"வாரண்டி போய்விடுமே?" கதவில் தாள் வைத்து இழுத்தால் எந்த வாரண்டியும் போகாது. வாரண்டி இருக்கும்போது கம்பெனி ஆளைத்தான் கூப்பிட வேண்டும். அவரிடமும் கேள்வி கேட்கலாம்.

"பாவம் மெக்கானிக், அவர் பிழைப்பில் மண்ணைப் போடலாமா?" இந்தக் கேள்விக்குத்தான் நேர்மையான பதில் வேண்டும். ஐ.டி.ஐ.யில் ஃப்ரிட்ஜ், ஏ.சி. மெக்கானிக் படிப்பு இரண்டு வருடம். முறையாகப் படித்து, தராசும் வேக்குவம் பம்பும் வாங்கி வைத்திருப்பவர் "இது டோர் ரப்பர்தான்" என்று சொன்னால் அவருக்குக் கிடைப்பது விசிட் சார்ஜ். அதைக் கொடுக்கவும் வீட்டுக்காரர் பேரம் பேசுவார். "சும்மா பார்த்ததுக்கா இவ்வளவு?" பக்கத்துத் தெருவில் "கேஸ் போயிடுச்சு" என்பவருக்கு வாய் திறக்காமல் ஆயிரக்கணக்கில் கொடுப்பார். உண்மைக்குக் காசு இல்லை, பொய்க்குக் காசு உண்டு என்றால் பிழைப்பு எந்தப் பக்கம் சாயும்? ஆக, கேள்வி கேட்காத வீட்டுக்காரரும் இந்தப் பொய்யில் பங்குதாரர். நல்ல மெக்கானிக்கைக் காப்பாற்றும் ஒரே வழி, அவர் கண்டுபிடித்துச் சொன்னதற்குச் சண்டை போடாமல் காசு கொடுப்பது.

கம்பெனிகளும் யோக்கியம் என்று சொல்வதற்கில்லை. பல மாடல்களின் சர்வீஸ் கையேடு வெளியே கிடைப்பதில்லை. ஐந்து வருடம் ஆனால் "அந்த மாடல் போர்டு வர்றதில்லை சார்." ஐரோப்பிய யூனியனில் 2021 மார்ச் முதல் ஃப்ரிட்ஜுக்கு விதி இருக்கிறது. ஒரு மாடலின் கடைசி ஃப்ரிட்ஜ் சந்தைக்கு வந்த பிறகும் தெர்மோஸ்டாட், சென்சார், போர்டு எல்லாம் ரிப்பேர் செய்பவர்களுக்கு 7 வருடம் கிடைக்க வேண்டும். டோர் ரப்பர் 10 வருடம், அதுவும் வீட்டுக்காரருக்கே நேரடியாகக் கிடைக்க வேண்டும். இந்தியாவில் மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டது. அதே வருடம் டிசம்பர் 24, நுகர்வோர் தினத்தன்று ஒரு இணையதளமும் திறந்தது. நல்ல ஆரம்பம். ஆனால் இணையதளம் தகவல் தரும், பாகம் தராது. டோர் ரப்பர் பத்து வருடம் கிடைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிற சட்டம்தான் வேண்டும்.

சட்டம் வருகிறபோது வரட்டும். அதற்கு முன்னால் செலவே இல்லாத ஒரு காரியம் இருக்கிறது. அடுத்த கோடையில் யாராவது ஒரு மெக்கானிக் சமையலறையில் நின்றுகொண்டு "கேஸ் போயிடுச்சு" என்று சொல்லும்போது, வீட்டில் இருக்கும் யாராவது ஒருவர், அம்மாவோ பாட்டியோ லீவுக்கு வந்த எஞ்சினியரிங் மாணவரோ, ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

"எங்க லீக்குன்னு காட்டுங்க."

தெரிந்தவர் காட்டுவார். தெரியாதவர் பையை மூடுவார்.

டிஸ்கி: புது ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். லைட்டர் கேஸின் உறவுக்காரன், தீப்பிடிக்கும். பூமிச்சூட்டுக் கணக்கில் சாது, சமையலறையில் அப்படி இல்லை. குழாயை அறுப்பது, பற்றவைப்பது எல்லாம் வீட்டில் முயற்சி செய்யவே கூடாது. ஃப்ரீசரைக் குத்திவிட்டு "உஸ்" என்று சத்தம் கேட்டால் அடுப்பையும் விளக்கையும் அணைத்து, ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வருவதுதான் முதல் ரிப்பேர்.